தீபச் சந்தையும் குதிரை ஜாதிகளும்

கார்த்திகைத் தீபத்திற்காகத் திருவண்ணாமலைக்கு வரும் ஜனங்கள் மலையுச்சியில் ஏற்றப்படும் ஜோதியைத் தரிசிப்பதோடு, திருவிழாவை ஒட்டிக் கூடும் கால்நடைச் சந்தையையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுச் செல்வது நெடுநாளைய வழக்கம். உழவு மாடு, வண்டி மாடு, கறவை மாடு ஆகியவற்றிற்கு நடுவே குதிரைகளும் அங்கே கட்டப்பட்டிருக்கும். வெளி ஜில்லாக்களிலிருந்தும் அண்டை ராஜ்யங்களிலிருந்தும் அவை கொண்டுவரப்படுகின்றன. ஈரோடு ஜில்லா அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் விழாவை ஒட்டி ஆடி மாதத்தில் கூடும் சந்தையும் இத்தகையதே.

இச்சந்தைகளில் "இது மார்வார் ஜாதி", "இது கத்தியவார் ஜாதி" என்று தரகர் கூறுவதைக் கேட்டு, துண்டின் மறைவில் விரல் பிடித்து விலை பேசி முடிக்கும் குடியானவர் பலர், அந்த ஜாதிப் பெயரின் பொருளை அறியார். பெயருக்காக அதிக விலை கொடுப்பவர், அப்பெயர் எங்ஙனம் உண்டாயிற்று என்பதையும், தாம் வாங்கும் பிராணிக்கு அது உண்மையில் பொருந்துமா என்பதையும் தெரிந்துகொள்ளுதல் அவசியம். ஆகையால் குதிரை ஜாதிகளின் வரலாறும், அதிலிருந்து நம் கிராமவாசிகள் கற்க வேண்டிய பாடமும் இங்கே சுருக்கமாகக் கூறப்படுகின்றன.

குதிரையின் பூர்வீகம்

குதிரை நம் நாட்டில் தோன்றிய பிராணியன்று. ஆசியாவிற்கும் ஐரோப்பாவிற்கும் இடையே பரந்து கிடக்கும் புல்வெளிகளே அதன் தாயகம். கஜகஸ்தான் தேசத்திலுள்ள போதை என்னுமிடத்தில் சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் குதிரைகளோடு நெருங்கி வாழ்ந்ததற்கு அடையாளங்கள் கிடைத்துள்ளன. எனினும் இன்று உலகெங்கும் வளர்க்கப்படும் குதிரைகள் அவ்விடத்துக் குதிரைகளின் சந்ததி அல்ல. வோல்கா, டான் நதிகளின் பிரதேசத்தில் சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பழக்கப்பட்ட குதிரைகளின் வம்சமே நாளடைவில் எங்கும் பரவிற்று என்று, பழைய எலும்புகளின் மரபணுக்களைப் பரிசோதித்த விஞ்ஞானிகள் 2021-ம் ஆண்டில் வெளியிட்டனர்.

இவ்விதம் ஒரே பூர்வீகத்தையுடைய குதிரைகள் இன்று நூற்றுக்கணக்கான ஜாதிகளாய்ப் பிரிந்திருப்பதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, அவை வாழும் பூமியும் சீதோஷ்ண நிலையும் தீனியும். இரண்டாவது, அவற்றைக் கொண்டு மனிதர் செய்துகொள்ளும் வேலை. மூன்றாவது, எந்த ஆணையும் எந்தப் பெட்டையையும் சேர்ப்பது என்று பல தலைமுறைகள் விடாமல் செய்துவந்த தேர்வு. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஜாதி நிலைப்பதில்லை.

தேசங்களும் ஜாதிகளும்

அரேபியக் குதிரை பாலைவனத்தில் உருவானது. நீரும் புல்லும் அரிதான நாட்டில் நெடுந்தூரம் செல்ல வேண்டியிருந்தமையால், அங்குள்ள நாடோடி மக்கள் உடல் சிறுத்து, மூச்சு நீடித்து, களைப்புக்கு அஞ்சாத குதிரைகளையே பேணினர். குழிந்த முகமும், குட்டையான முதுகும், தூக்கிய வாலும் அதன் அடையாளங்கள். அம்மக்கள் குதிரையின் குலத்தைத் தாய் வழியாகவே கணக்கிட்டு வந்தனர் என்பது கவனிக்கத்தக்கது.

பந்தயத்திற்குப் பெயர்பெற்ற ஆங்கிலேய 'தரோபிரெட்' ஜாதி, இங்கிலாந்திலிருந்த பெட்டைகளுக்குக் கீழ்த்திசைப் பொலிகுதிரைகளைச் சேர்த்து உண்டாக்கப்பட்டது. அந்த ஜாதியின் ஆண்வழி முழுவதும் பையர்லி துருக்கி, டார்லி அரேபியன், கோடால்பின் அரேபியன் என்னும் மூன்றே குதிரைகளில் போய் முடிகிறது. இவற்றுள் டார்லி அரேபியன், சிரியா தேசத்து அலெப்போ நகரிலிருந்து 1704-ல் கொண்டுபோகப்பட்டது.

ஈரமும் களிமண்ணும் மிகுந்த வட ஐரோப்பாவில் ஆழ உழுவதற்கும் பாரமிழுப்பதற்கும் கனத்த குதிரைகள் தேவைப்பட்டன. இங்கிலாந்தின் ஷயர், ஸ்காட்லாந்தின் கிளைடெஸ்டேல், பிரான்ஸின் பெர்ஷெரோன் ஆகியவை அவ்விதம் எழுந்தவை. அவற்றில் பல 800 கிலோவுக்கு மேல் எடையுள்ளவை. அந்தத் தேசங்களில் நம் எருதுகள் செய்யும் வேலையை அவை செய்துவந்தன. மாறாக, குளிரும் காற்றும் நிறைந்து புல் குறைந்த ஷெட்லாண்டு தீவுகளில் 42 அங்குல உயரத்தைத் தாண்டாத மட்டக் குதிரை உண்டாயிற்று. இங்கிலாந்தில் பெண்களையும் சிறு பையன்களையும் நிலக்கரிச் சுரங்கத்தினுள் வேலைக்கு அமர்த்தலாகாது என்று 1842-ல் சட்டம் ஏற்பட்ட பிறகு, சுரங்கங்களில் வண்டியிழுக்க இம்மட்டக் குதிரைகள் மிகுதியாக வாங்கப்பட்டன.

மங்கோலியாவின் குதிரை உருவில் சிறியது. பனிக்காலத்திலும் கொட்டடியின்றி வெட்டவெளியிலேயே மேய்ந்து பிழைக்கும். ஐஸ்லாந்து தீவின் குதிரையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்நியக் கலப்பின்றிக் காக்கப்பட்டது. வெளித்தேசத்துக் குதிரை அத்தீவினுள் நுழையக் கூடாது. அத்தீவிலிருந்து வெளியே சென்ற குதிரையும் திரும்பி வரக் கூடாது. நோய் புகாதிருக்கவும் குலம் கலவாதிருக்கவும் இத்தனை கண்டிப்பு.

அமெரிக்காக் கண்டத்தில் ஆதியிலிருந்த குதிரைகள் சுமார் பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அற்றுப்போயின. கொலம்பஸ் 1493-ல் செய்த இரண்டாம் யாத்திரையில் ஸ்பெயின் தேசத்துக் குதிரைகள் அங்கே மறுபடி இறங்கின. அவற்றில் தப்பி ஓடியவற்றின் சந்ததியே 'முஸ்டாங்' எனப்படும் காட்டுக் குதிரை. ஆஸ்திரேலியாவிலும் ஆதியில் குதிரை இல்லை. குடியேறியோர் கொண்டுபோன குதிரைகளிலிருந்து அங்கே ஒரு வகை உண்டாகி, நியூ சவுத் வேல்ஸ் என்னும் பெயரைக் கொண்டு 'வேலர்' என வழங்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பட்டாளங்களுக்காகச் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் கப்பலாய் இறங்கியவை இவ்வேலர்களே.

நம் தேசத்துக் குதிரைகள்

இந்தியாவிலும் சிறந்த ஜாதிகள் உண்டு. ராஜபுதனத்தின் மார்வாரியும், சௌராஷ்டிரத்தின் கத்தியவாரியும் அவற்றுள் பிரசித்தமானவை. இரண்டிற்கும் காதுகள் உள்நோக்கி வளைந்து, நுனிகள் ஒன்றையொன்று தொடுமளவு நெருங்கி நிற்கும். வெயிலையும் தூரத்தையும் தாங்குவதில் இவை பேர்போனவை. கட்ச், சிந்து எல்லைப் பிரதேசத்திற்குரிய கச்சி–சிந்தி ஜாதியும் உண்டு. மணிப்புரி மட்டக் குதிரை உருவில் சிறியதாயினும், போலோ விளையாட்டு உலகெங்கும் பரவுவதற்கு அதுவே காரணம். மணிப்பூர் மக்களின் ஆட்டத்தைக் கண்ட ஆங்கிலேயர் 1859-ல் சில்சாரில் ஒரு கழகம் அமைத்து ஆடத் தொடங்கினர். இமயமலைச் சாரலில் ஸ்பிதி, சன்ஸ்காரி, பூட்டியா ஆகிய மட்டக் குதிரைகள் பாரம் சுமந்து கணவாய்களைக் கடக்கின்றன. தக்காணத்தில் பீமா நதிப் பள்ளத்தாக்கின் பீம்தடி, மராட்டியப் படைகளைச் சுமந்த குதிரை.

தமிழ்நாட்டிற்கென்று ஒரு குதிரை ஜாதி இந்த வரிசையில் இல்லை. ஆனால் மாட்டினத்தில் காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம் முதலிய ஜாதிகள் நமக்கே உரியனவாய் உள்ளன. குதிரை இல்லாமற் போனதற்கும் மாடு சிறந்ததற்கும் காரணம் என்ன என்பதே இக்கட்டுரையின் முக்கிய விஷயம்.

தமிழ்நாடு கொடுத்த விலை

தமிழ்நாடு குதிரையை அறியாத நாடன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் வழியாய்க் குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. ஊர்தோறும் ஐயனார் கோயிலில் மண்குதிரை நிற்கிறது. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பொருளைத் திருப்பெருந்துறையில் கோயிற்பணிக்குச் செலவிட்ட மாணிக்கவாசகரின் சரித்திரமும், நரிகள் பரிகளாய் வந்து இரவில் மறுபடி நரிகளான திருவிளையாடலும் யாவரும் அறிந்தவை. அவர் திருவெம்பாவை பாடிய தலம் திருவண்ணாமலை என்பது ஐதிகம். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் அவருக்குக் கோயிலும் உண்டு. இந்தச் சரித்திரத்தில் ஒரு லௌகிக உண்மை அடங்கியிருக்கிறது. மந்திரியே பொக்கிஷப் பணத்துடன் நேரில் சென்று வாங்கவேண்டிய அளவுக்குக் குதிரை அக்காலத்தில் விலையுயர்ந்த பொருளாயிருந்தது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, அரசனும் அவன் சகோதரர்களும் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினார்கள் என்றும், ஆண்டு முடிவில் அவற்றில் நூறுகூட மிஞ்சவில்லை என்றும் எழுதியுள்ளார். அதற்கு அவர் கூறும் காரணம், குதிரையைப் பேணத் தெரிந்தவர் இங்கில்லை என்பதே. லாடம் அடிப்போரும் வைத்தியரும் இந்நாட்டிற்கு வராதபடி வியாபாரிகள் தடுத்தனர் என்றும், குதிரைகள் சாகச் சாக வியாபாரம் ஓங்குமென்பதே அவர்கள் எண்ணம் என்றும் அவர் சேர்த்துக் கூறுகிறார். பாரசீக சரித்திராசிரியர் வஸ்ஸாப் என்பவரும், ஆண்டிற்குப் பதினாயிரம் குதிரைகள் இக்கடற்கரைக்கு வந்தன என்றும், ஒவ்வொன்றின் விலை 220 பொன் தினார் என்றும் குறிப்பிடுகிறார். எண்ணிக்கையில் மிகையிருக்கலாம். ஆயினும் பெரும் பொருள் வெளியே போயிற்று என்பதில் இருவர் வாக்கும் ஒத்திருக்கிறது.

விஜயநகர காலத்திலும் இதே நிலைமை தொடர்ந்தது. போர்த்துக்கேசியரான நூனிஸ் ஒரு செய்தி எழுதியுள்ளார். சாளுவ நரசிம்மர் ஆர்மஸ், ஏடன் துறைகளிலிருந்து வந்த குதிரைகளை உயிரோடிருந்தாலும் இறந்துபோனாலும் ஆயிரம் வராகனுக்கு மூன்று என்ற விலையில் எடுத்துக்கொண்டார். கடலில் இறந்த குதிரைக்கு வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும், முழு விலையும் கொடுக்கப்பட்டது. திருவண்ணாமலையின் ராஜகோபுரத் திருப்பணியைத் தொடங்கிய கிருஷ்ணதேவராயரும் பெருந்தொகையான குதிரைகளை ஆண்டுதோறும் வாங்கியவரே. பகைவர் கையில் குதிரை சேராதிருக்க வேண்டுமென்னும் யுத்த நியாயம் இதற்கு உண்டு. ஆனால் வியாபார நியாயத்தை மட்டும் பார்த்தால், நஷ்டம் முழுவதும் வாங்குவோனைச் சேர்ந்தது. விற்பவனுக்குப் பிராணி பிழைத்தாலும் லாபம், இறந்தாலும் லாபம்.

இங்கேயே குதிரைகளை இனவிருத்தி செய்யலாகாதா என்று கேட்கலாம். நல்ல ஆணையும் நல்ல பெட்டையையும் சேர்த்தாலும் இந்நாட்டில் கால் கோணிய சிறு குட்டியே பிறந்தது என்று மார்க்கோ போலோ எழுதுகிறார். குதிரைகளுக்குச் சோற்றோடு மாமிசத்தையும் வேகவைத்துக் கொடுத்தார்கள் என்பதும் அவர் கூற்று. குதிரை புல்லுக்கு ஏற்ற வயிறுடைய பிராணி. புல்லும் வைக்கோலும் குறைந்து, தவிடும் தானியமும் மிகுந்தால் சுண்ணாம்புச் சத்துப் போதாமல் எலும்பு மெலியும் என்று இன்றைய கால்நடை வைத்தியம் கூறுகிறது. சிறந்த தீனியான கொள்ளு நம் நிலத்திலேயே விளைகிறது. ஆயினும் கொள்ளு ஒன்று மட்டுமே தீனியாகாது. பிராணியின் தேகதர்மத்தை அறியாமல் பொன்னைக் கொட்டினால் பயனில்லை என்பதே இதன் கருத்து.

கவனிப்பாரின்றி விடப்பட்ட குதிரையின் கதி என்ன என்பதற்கு யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவு சாட்சி. போர்த்துக்கேசியரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலத்துக் குதிரைகளின் சந்ததிகள் அங்கே காட்டு மட்டக் குதிரைகளாய் மந்தை மந்தையாய்த் திரிகின்றன. கோடைக்காலத்தில் நீரின்றி அவை படும் துன்பம் பெரிது. நம் கோடியக்கரையிலும் இவ்விதம் காட்டில் திரியும் மட்டக் குதிரைகள் உண்டு.

ஜாதியை உண்டாக்குவது கூட்டு முயற்சி

மேற்கூறிய சிறந்த ஜாதிகள் தனி ஒருவரால் நிலைபெற்றவை அல்ல. ஒரு குதிரையின் ஆயுள் இருபத்தைந்து, முப்பது ஆண்டு. பெட்டை சினையாயிருக்கும் காலமே பதினோரு மாதம். பெரும்பாலும் ஒரு சினைக்கு ஒரு குட்டிதான். ஆகவே ஜாதியின் விருத்தி ஒருவன் வாழ்நாளில் முடிகிற காரியமன்று. பலர் சேர்ந்து, ஒரே நோக்கத்தோடு, எழுத்தில் கணக்கு வைத்துச் செய்தாலன்றி அது கைகூடாது.

தரோபிரெட் குதிரைகளின் வம்சாவளிப் புத்தகம் இங்கிலாந்தில் 1791-ல் முதன்முதலாய் வெளிவந்தது. கிளைடெஸ்டேல் குதிரைக்கு 1877-லும், பெர்ஷெரோனுக்கு 1883-லும், ஷெட்லாண்டு மட்டக் குதிரைக்கு 1890-லும் வளர்ப்போர் சங்கங்கள் தோன்றின. தாய் எது, தகப்பன் எது, பிறந்த தேதி எது என்று பதிவேட்டில் எழுதப்படாத குட்டிக்கு ஜாதிப் பெயர் கிடையாது. நமது நாணயச் சங்கங்களில் பேரேடு இருப்பது போலவே அங்கே வம்சப் பேரேடு. பேரேடு பொய்யானால் சங்கம் கெடும். வம்சப் பேரேடு பொய்யானால் ஜாதி கெடும்.

நம்மிடம் இதற்கு உதாரணம் இல்லாமலில்லை. காங்கேயம் மாட்டைப் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாய்த் தேர்ந்து பேணினர். கொங்கு நாட்டுக் குடியானவர்களும் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களை வேலியிட்டுக் காத்தனர். கொழுக்கட்டைப் புல் வளர்ந்த அந்த மேய்ச்சலும், இடைவிடாத தேர்வும் சேர்ந்தே அந்த ஜாதியை உண்டாக்கின. கடல் கடந்து வந்த குதிரைக்குப் பொன் கொடுத்த நாட்டிலேயே, சொந்த நிலத்தில் பொறுமையோடு வளர்த்த மாடு பேர்பெற்றது.

சந்தையில் கவனிக்க வேண்டியவை

2019-ம் ஆண்டுக் கால்நடைக் கணக்கின்படி இந்தியாவில் குதிரைகளும் மட்டக் குதிரைகளும் சேர்ந்து சுமார் 3.4 லட்சமே. 2012-ம் ஆண்டைவிட இது நூற்றுக்கு 45 பங்குக்கு மேல் குறைவு. ஜட்கா வண்டிகள் ஓய்ந்துவிட்டன. எனினும் திருவிழா ஊர்வலம், கல்யாணம், பந்தயம், சவாரி ஆகியவற்றின் பொருட்டுக் குதிரை வாங்குவோர் இன்றும் உளர். அவர்கள் கீழ்க்கண்டவற்றை நினைவிற்கொள்ள வேண்டும்.

1. பற்களைப் பார்த்து வயதைத் தாமே மதிப்பிட வேண்டும். முன்பற்களில் நடுஜோடி சுமார் இரண்டரை வயதிலும், அடுத்த ஜோடி மூன்றரையிலும், கடைஜோடி நாலரையிலும் விழுந்து முளைக்கும். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். அதன்பின் கீழ்ப்பற்களின் மேலுள்ள குழிகள் முறையே ஆறு, ஏழு, எட்டு வயதுகளில் தேய்ந்து மறையும். மேல் கடைப்பல்லில் சுமார் பத்து வயதில் ஈறருகே ஒரு கோடு தோன்றி, பதினைந்தில் பாதிப் பல்லையும், இருபதில் முழுப் பல்லையும் எட்டும்.

2. சுழிகளை எண்ணுவதோடு நின்றுவிடலாகாது. நல்ல சுழியுள்ள குதிரைக்கு நொண்டும் கால் இருக்கக்கூடும். கடினமான தரையில் நடக்கவிட்டும், ஓடவிட்டும், திருப்பியும் பார்க்க வேண்டும். குளம்பில் வெடிப்பு உண்டா, ஒரு குளம்பு மற்றதைவிடச் சூடாயிருக்கிறதா என்று கையால் தொட்டறிய வேண்டும்.

3. மூக்கிலிருந்து சளியோ சீழோ வடிந்தாலும், தோலில் கட்டிகள் வரிசையாய் இருந்தாலும் அந்தக் குதிரையை நெருங்கலாகாது. கிளாண்டர்ஸ் என்னும் கொடிய நோயின் குறியாக அவை இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும். சந்தேகமுண்டானால் அரசாங்கக் கால்நடை வைத்தியரிடம் உடனே அறிவிக்க வேண்டும்.

4. காது வளைந்திருப்பது ஒன்றே மார்வாரிக்குச் சான்றாகாது. கலப்புக் குட்டிக்கும் காது வளையும். ஜாதிக்கென்று அதிக விலை கேட்டால், தாய் தகப்பன் விவரமடங்கிய பதிவுப் பத்திரத்தைக் கேட்க வேண்டும். பத்திரமில்லையேல் உடலுக்குத் தக்க விலை மட்டுமே கொடுக்கலாம்.

5. தீனி, நீர், லாடம், வைத்தியம், கொட்டடி ஆகிய ஐந்திற்கும் ஓராண்டுக்கு ஆகும் செலவை விலை பேசுவதற்கு முன்பே எழுதிப் பார்க்க வேண்டும்.

கடனும் குதிரையும்

திருவிழா உற்சாகத்தில் ஓர் அங்கத்தினர் 50,000 ரூபாய்க்குக் குதிரை வாங்க எண்ணி, கையில் பணமில்லாமையால் மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வெளியில் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி 1,500 ரூபாய். ஓராண்டில் வட்டி மட்டும் 18,000 ரூபாய். அடுத்த தீபத்தின்போது அவர் கொடுக்க வேண்டியது 68,000 ரூபாய். இதில் தீனிச் செலவு சேரவில்லை. குதிரைக்கோ ஒரு வயது கூடியிருக்கும். இடையில் அது வயிற்று வலி கண்டு இறந்துபோனால் கடன் இறப்பதில்லை. கடலில் மாண்ட குதிரையின் வாலுக்கு விலை கொடுத்த அரசருக்குப் பொக்கிஷம் இருந்தது. குடியானவருக்கு நிலமும் மனைவியின் நகையும் தவிர வேறென்ன இருக்கிறது?

நமது மாகாணத்தின் முதல் கூட்டுறவு நாணயச் சங்கம் 1904-ல் திரூர் கிராமத்தில் ஏற்பட்டதன் காரணமும் இதுவே. கடன் கொடுப்பவருக்கு வாங்குவோரின் க்ஷேமத்தில் பங்கிருக்க வேண்டும். குதிரை சாவதில் லாபம் கண்ட வியாபாரிகளுக்கும் பாண்டிய நாட்டுக்கும் அந்தப் பங்கு இல்லை. சங்கத்திலோ கொடுப்பவரும் வாங்குவோரும் ஒருவரே. ஆகவே பிராணி பிழைப்பதும், அதனால் வரும்படி உண்டாவதும், கடன் தீர்வதும் சங்கத்துக்கும் லாபமாகின்றன. ஆதலால் கால்நடை வாங்க விரும்புவோர் சந்தைக்குப் போனபின் பணத்தைத் தேடாமல், போவதற்கு முன்பே சங்கத்தை அணுகி, கடன் கிடைக்குமா, காப்புறுதிக்கு வழியுண்டா, வரும்படி தவணைக்குப் போதுமா என்பவற்றை ஆலோசித்துக்கொள்ள வேண்டும். வரும்படி தவணைக்குப் போதாதென்று தெரிந்தால், அவ்வருஷம் தீப தரிசனத்தோடு திரும்பிவருவதே விவேகம்.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்கத்தக்க கேள்விகள்

(அ) நம் கிராமத்தில் சென்ற மூன்று ஆண்டுகளில் சந்தையில் வாங்கிய கால்நடைகள் எத்தனை? அவற்றுள் இன்று உயிரோடிருப்பவை எத்தனை? அவற்றிற்காகப் பட்ட கடன் தீர்ந்ததா?

(ஆ) நம் ஊர்ப் பசுக்களுக்கும் காளைகளுக்கும் தாய் தகப்பன் விவரம் எழுதிய ஏடு உண்டா? இல்லையேல் இவ்வாண்டு பிறக்கும் கன்றுகளிலிருந்து அதைத் தொடங்க யார் பொறுப்பேற்பது?

(இ) ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது? அதைக் காப்பதற்கு வழி என்ன?

இம்மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதி வைத்துக்கொண்டு அடுத்த கார்த்திகைக்குச் சந்தைக்குப் போகும் அங்கத்தினரைத் தரகரின் வாக்குச் சாதுரியம் எளிதில் ஏமாற்ற இயலாது.